வழக்கத்துக்கு எதிரான வழக்கு: வழக்கறிஞர் அம்பேத்கரின் வாழ்க்கை

1934ஆம் ஆண்டு பம்பாயில் ஓர் ஆபாச வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ரகுநாத் தோண்டோ கார்வே. கணிதம் கற்பித்தவர். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதால் கல்லூரி வேலையை இழந்தவர். 1927 முதல் சமாஜ் ஸ்வாஸ்த்ய என்ற மராத்தி இதழைத் தன் கைக்காசில் நடத்தி வந்தார்.

கருத்தடை, தன்னின்பம், ஒருபாலீர்ப்பு என வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத கேள்விகளை வாசகர்கள் அந்த இதழுக்கு எழுதி அனுப்புவார்கள். கார்வே ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதுவார். அந்தப் பதில்கள்தாம் அவரைக் கூண்டில் ஏற்றின. முன்பே ஒருமுறை இதே போன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த அவருக்காக இம்முறை வாதாட வந்தவர் டாக்டர் பீமாராவ் அம்பேத்கர்.

லண்டன் வட்டமேசை மாநாடுகள், காந்தியுடன் ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் ஆகியவற்றால் அம்பேத்கர் அப்போது இந்தியா முழுவதும் அறிந்த தலைவராகியிருந்தார். இந்த வழக்கால் அவருக்கோ அவர் சார்ந்த மக்களுக்கோ ஆதாயம் எதுவும் இல்லை. கட்சிக்காரர் சித்பாவன் பிராமணர். எதிர்த்து நின்றதோ மதப்பற்றுள்ள நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்க உணர்வு. அரசியல் கணக்குப் போடுபவர் தள்ளி நின்றிருப்பார்.

பாலுறவைப் பற்றி எழுதுவதாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது என்பது அவருடைய வாதம். கேள்விகளை எழுப்புவது வாசகர்கள். அறிவு பெறுவது அவர்களின் உரிமை. ஒருபாலீர்ப்புப் பற்றிய பதில்கள் வக்கிரமானவை என்று சொல்லப்பட்டபோது, ஹேவ்லாக் எல்லிஸ் போன்ற ஆய்வாளர்களின் நூல்களை அவர் சுட்டிக்காட்டினார். சிலருக்கு அத்தகைய இயல்பு பிறவியிலேயே அமைகிறது என்றால், அதில் குற்றம் எங்கே வந்தது என்று கேட்டார்.

வழக்கு தோற்றது. கார்வே அபராதம் கட்டினார். அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்த வழக்குக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் பெரும்பான்மையின் ஒழுக்கம் தனிமனிதனின் உரிமைக்கு எல்லைக்கோடு போடலாமா என்ற கேள்வி அவருடைய வாழ்நாள் முழுவதும் ஓடியது. அந்தக் கேள்வியை அவர் புத்தகங்களில் மட்டும் சந்திக்கவில்லை.

தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாய். பெற்றோரின் 14ஆவது பிள்ளை அவர். மகர் சாதிக் குடும்பம். அந்நாளில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சாதி.

சதாராவில் பள்ளிக்குப் போனபோது அவர் மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டு வந்த சாக்குத் துண்டில் தனியே அமர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சிப்பந்தி வந்து திறந்துவிட வேண்டும். சிப்பந்தி வராத நாளில் தண்ணீர் இல்லை. இதைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அவரைத் தடுத்தது அரசாங்கச் சட்டம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. தடுத்தது வழக்கம். வழக்கத்துக்குப் பின்னால் மதத்தின் பெயர் நின்றது.

படிப்பு அவரை வெகுதூரம் கொண்டுபோனது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு லண்டன் பொருளியல் பள்ளி, கிரேஸ் இன்னில் சட்டம். இரண்டு கண்டங்களில் பட்டம் பெற்றவர் 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

மகாட் குளம்: பத்தாண்டு வழக்கு

பம்பாய்க்குத் தெற்கே கொங்கண் பகுதியில் மகாட் என்ற சிற்றூர். அங்குள்ள சவுதார் குளம் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. சாதி இந்துக்கள் தண்ணீர் எடுத்தார்கள். முஸ்லிம்களும் எடுத்தார்கள். ஒதுக்கப்பட்ட சாதியினர் மட்டும் எடுக்கக் கூடாது. பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்துவிட்டது. கரையில் திறக்கவில்லை.

1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானோருடன் அம்பேத்கர் அந்தக் குளத்துக்கு நடந்து சென்று தண்ணீர் அருந்தினார். அன்றே கலவரம் வெடித்தது. ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பின்னர் சாணமும் கோமியமும் கலந்து குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் மகாட்டில் கூடுவதாக அறிவிக்கப்பட்டது. எதிர்த்தரப்பினர் இம்முறை தடியை மட்டும் நம்பவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். குளம் பொதுச்சொத்து அன்று, நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து அது சாதி இந்துக்களுக்கே உரியது என்று சொல்லி இடைக்காலத் தடை வாங்கினார்கள். வழக்கில் எதிர்வாதியாகப் பெயர் சேர்க்கப்பட்டவர் அம்பேத்கர்.

திரண்டு வந்த கூட்டம் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தது. அம்பேத்கரோ தடையை மீற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் 25ஆம் தேதி மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தில் யாரும் இறங்கவில்லை. இந்த முடிவில் ஏமாற்றம் அடைந்தவர்கள் இருந்தார்கள். ஒரு மதநூலை எரிக்கத் துணிந்தவர், கீழ்நிலை நீதிமன்றம் ஒன்றின் இடைக்கால உத்தரவுக்குப் பணிவதா? அவருடைய பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. மனுவின் விதிகளுக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர். நீதிமன்றம், எவ்வளவு குறை இருந்தாலும், ஒதுக்கப்பட்டவனும் ஏறி வழக்குரைக்கக்கூடிய இடம்.

அவருக்குப் பொறுமை நிறையவே தேவைப்பட்டது. கீழ் நீதிமன்றங்களில் அவர் தரப்பு வென்றபோதெல்லாம் மேல்முறையீடு வந்தது. 1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதிதான் பம்பாய் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. அம்பேத்கர் தரப்பு வென்றது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

தீர்ப்பைக் கூர்ந்து படித்தால் வெற்றி எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பது புரியும். தீண்டாமை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சொல்ல அதற்கு இடமும் இல்லை. அந்த வழக்கம் நினைவுக்கெட்டாத காலத்தது என்பதை வாதிகள் நிரூபிக்கவில்லை என்பதே முடிவு. நிரூபித்திருந்தால்? வழக்கம் பழையது என்பதே அதற்கு உரிமைப் பத்திரமாகியிருக்கக்கூடும்.

வெறும் வழக்கில் வென்று பயனில்லை, வழக்குகளுக்கு மேல் நிற்கும் சட்டத்தையே வேறுவிதமாக எழுத வேண்டும் என்பதை மகாட் அளவுக்கு வேறெதுவும் காட்டியிருக்காது. எழுதும் வாய்ப்பு பத்து ஆண்டுகளில் அவரைத் தேடி வந்தது.

அரசமைப்பில் ஒரு குளம்

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரான அம்பேத்கர், அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும் ஆனார். காங்கிரஸை ஆண்டுக்கணக்கில் கடுமையாகச் சாடியவரைக் காங்கிரஸ் ஆட்சி அழைத்தது இரு தரப்புக்கும் பெருமை தரும் செய்தி.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், நீராடும் துறை, சாலை என்று பெயர் சொல்லி ஒரு பட்டியல் வருகிறது. மதம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் அவற்றிலிருந்து தடுக்கக் கூடாது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் குளத்துக்கு என்ன வேலை என்று வெளிநாட்டு வாசகர் வியக்கலாம். மகாட்டை அறிந்தவர் வியக்க மாட்டார். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று கூறும் 13ஆம் பிரிவு, சட்டம் என்ற சொல்லுக்குள் சட்ட வலிமை பெற்ற வழக்கத்தையும் சேர்த்தது. வழக்கத்தின் வயது இனி அதைக் காப்பாற்றாது.

1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி வரைவை அவையில் முன்வைத்து அவர் ஆற்றிய உரையில் ஒரு கருத்து முக்கியமானது. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஜார்ஜ் குரோட்டிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட அதைத் தமிழில் அரசமைப்பு அறநெறி எனலாம். மதமோ ஊரோ கற்றுத்தரும் ஒழுக்கம் ஒன்று. வேறுபட்டவர்கள் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்வதற்கு ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு இன்னொன்று. இரண்டாவது மனிதர்களுக்கு இயல்பாக வருவதில்லை, பயின்றுதான் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. அதே உரையில், கிராமத்தை அரசமைப்பின் அடித்தளமாக்க வேண்டும் என்று கேட்டவர்களை மறுத்து, தனிமனிதனே அடிப்படை அலகு என்றார். கிராமத்தின் அழகைப் பாடியவர்களுக்கு அது கசந்தது. சாக்குத் துண்டில் உட்கார்ந்து படித்தவருக்குக் கிராமம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மதச்சார்பின்மை என்ற சொல் அன்றைய முகவுரையில் இல்லை, 1976இல்தான் சேர்க்கப்பட்டது. சொல் இல்லாவிட்டாலும் உள்ளடக்கம் இருந்தது. 25ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தந்தது. கூடவே அந்த உரிமையை மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதாக்கியது.

அவர் நிற்க நேர்ந்த மிகக் கடினமான இடம் பொது சிவில் சட்ட விவாதம். 1948ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் தங்கள் சமயச் சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தின் முகம்மது இஸ்மாயில். தமிழர்கள் காயிதே மில்லத் என்று மதித்த தலைவர். நாடு பிளவுபட்டு ஓராண்டே ஆகியிருந்தது. இந்தியாவில் தங்கிவிட்ட முஸ்லிம்களின் அச்சம் கற்பனையானதன்று.

அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. வடமேற்கு எல்லை மாகாண முஸ்லிம்கள் அண்மைக்காலம் வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தைப் பின்பற்றியதையும், மலபாரில் முஸ்லிம்களுக்கும் மருமக்கத்தாயம் இருந்ததையும் எடுத்துக்காட்டி, சமயச் சட்டம் காலங்காலமாக மாறாதது என்ற வாதத்தைத் தகர்த்தார். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் மதம் என்று சொல்லிவிட்டால் எந்தச் சீர்திருத்தமும் நடக்காது என்பதையும் பின்னொரு நாள் அவையில் தெளிவாக்கினார். அதே சமயம், விரும்பி ஏற்பவர்களிடமிருந்து தொடங்கலாம் என்றும், தனக்கு அதிகாரம் இருக்கிறது என்பதற்காக ஒரு சிறுபான்மையைச் சீண்டும் வகையில் எந்த அரசாங்கமும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் உறுதி கூறினார்.

இதைப் பின்வாங்கல் என்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பான்மையிடமிருந்து சிறுபான்மையைக் காக்க வேண்டும். சிறுபான்மைக்குள் இருக்கும் ஒரு பெண்ணை அவளுடைய சமூகத்திடமிருந்தும் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடியாது. பொது சிவில் சட்டம் 44ஆம் பிரிவில் வழிகாட்டு நெறியாக மட்டுமே இடம்பெற்றது. நரசு அப்பா மாலி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், சமயத் தனிநபர் சட்டங்கள் 13ஆம் பிரிவுக்குள் வாரா என்று 1951இல் தீர்ப்பளித்தது. வழக்கத்துக்குப் போட்ட வலையில் தனிநபர் சட்டம் அகப்படவில்லை.

அந்த அரசமைப்பின் தாக்கம் மலாயாவையும் எட்டியது. 1957 விடுதலைக்கு முன் மலாயாவுக்கான அரசமைப்பை வகுத்த ரீட் ஆணையத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதியான பி. மாலிக் உறுப்பினராக இருந்தார். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியில் இந்திய அரசமைப்பின் சாயலைக் காணலாம்.

பதவியைத் துறந்த சட்ட அமைச்சர்

சிறுபான்மையினரிடம் மென்மையாகப் பேசியவர் தம்மையும் உள்ளடக்கிய இந்துச் சட்டத்தில் கை வைக்கத் தயங்கவில்லை. அவர் முன்னெடுத்த இந்து சட்டத்தொகுப்பு மசோதா பலதார மணத்தைத் தடுத்தது. மணவிலக்குக்கு வழி செய்தது. சாதி மாறி மணப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. மகளுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தது. கைம்பெண் வாழ்நாள் வரை அனுபவிக்க மட்டுமே முடிந்த சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. அவருடைய சொந்த வாழ்க்கையும் இதற்கு விலக்கன்று. 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

எதிர்ப்பு தெருவிலும் வந்தது, அவையிலும் வந்தது. துறவிகள் ஊர்வலம் போனார்கள். குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தே எதிர்த்தார். ஒரு தீண்டத்தகாதவர் இந்து தர்மத்தைத் திருத்துவதா என்ற பேச்சு வெளிப்படையாகவே எழுந்தது. பிரதமர் நேரு மசோதாவை ஆதரித்தார். பொதுத்தேர்தல் நெருங்க நெருங்கத் தளர்ந்தார். 1951ஆம் ஆண்டு செப்டம்பரில், திருமணம், மணவிலக்குப் பகுதியையாவது நிறைவேற்றலாம் என்ற முயற்சியும் பாதியில் நின்றது.

அம்பேத்கர் பதவி விலகினார். ஒதுக்கப்பட்ட சாதியினர் புறக்கணிக்கப்படுவது, வெளியுறவுக் கொள்கை எனக் காரணங்கள் பல இருந்தாலும், இந்த மசோதாவின் மரணமே அவரை முடிவாக நகர்த்தியது. விலகல் அறிக்கையை அவையில் வாசிக்க முன்கூட்டியே பிரதி கேட்கப்பட்டதால் வாசிக்காமல் வெளியேறினார். அடுத்து வந்த தேர்தலில் தோற்றார். அவர் எழுதியதன் பெரும்பகுதியை 1955, 1956ஆம் ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாக அதே காங்கிரஸ் ஆட்சி நிறைவேற்றியது.

நாக்பூரும் அதற்குப் பிறகும்

இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, இந்துவாக இறக்கப் போவதில்லை என்று 1935இலேயே இயோலா மாநாட்டில் அவர் அறிவித்திருந்தார். சொன்னதைச் செய்ய 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். பல மதங்களைப் படித்தார், ஒப்பிட்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். 25ஆம் பிரிவு தந்த மனசாட்சிச் சுதந்திரத்தை வரைவுக் குழுத் தலைவரே இத்தனை பேரோடு பயன்படுத்திக்கொண்டார். ஏழு வாரங்கள் கழித்து, டிசம்பர் 6ஆம் தேதி டெல்லியில் அவர் உயிர் பிரிந்தது.

கார்வே வழக்கின் கேள்விக்குப் பதில் வர 84 ஆண்டுகள் ஆயின. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை அந்த அளவில் செல்லாததாக்கியது. சமூகத்தின் ஒழுக்கத்துக்கு மேல் அரசமைப்பு அறநெறியை வைத்து நீதிபதிகள் எழுதிய பக்கங்களில் அம்பேத்கரின் 1948 உரை நின்றது. அதே தண்டனைச் சட்டம்தான் 19ஆம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மாதிரியானது. சிங்கப்பூர் பின்னாளில் சேர்க்கப்பட்ட தன் 377ஏ பிரிவை 2022இல் நீதிமன்றம் வழியாக அன்றி நாடாளுமன்றம் வழியாக நீக்கியது.

நாக்பூரில் மதம் மாறியவர்கள் அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதிச் சலுகைகள் இந்துக்களுக்கே உரியவை. 1956இல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். பௌத்தம் தழுவியவர்கள் பட்டியலுக்கு வெளியே போனார்கள். ஊரில் அவர்களை நடத்திய விதம் மாறவில்லை.

அம்பேத்கருக்கு மறைவுக்குப் பின் பாரத ரத்னா வழங்கப்பட்ட 1990ஆம் ஆண்டில்தான் பௌத்தர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்துவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறிய தலித்துகளை அந்த ஆணை சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வருகிறது.